ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி எந்த வழியா வருது?

டிசம்பர் மழை ஆரம்பிச்சதிலிருந்து நம்ம வாகனப் பக்கத்துக்கு வர்ற கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி. சிலர் போட்டோவும் அனுப்பியிருக்கீங்க. அதனால இந்த வாரம் டயர், பேட்டரி, ஏர்கான் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு இத மட்டும் பேசிடலாம். இங்க சிங்கப்பூர்ல ஊபி பக்கம் கார் பட்டறையில வேலை பார்த்த காலத்துல கையில எடுத்துப் பார்த்த விஷயம்கிறதால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

கேள்வி: அண்ணே, என்னோடது எட்டு வருஷம் ஆன ஜப்பான் கார், சாதா ஹாலோஜன் லைட்டு. நவம்பர்ல வலது பக்கம் பல்பு போச்சு, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடையில மாத்துனேன். ஒரு மாசத்துல உள்ள தண்ணி வந்து ஒரு விரக்கடை உயரத்துக்கு நின்னுச்சு. இன்னொரு கடைக்காரர் லைட்ட சுத்தி சிலிக்கான் அடிச்சு 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிட்டார். ரெண்டு வாரத்துல முன்னைக்கு இப்ப மோசம், தேங்கி நிக்கிற தண்ணி கொஞ்சம்தான், ஆனா கண்ணாடி முழுக்க வேர்த்துப் போய் வெளிச்சமே விழல. புது லைட்டு வாங்கச் சொல்றாங்க. சிஓஇ, அதான் கார் வச்சிருக்கிறதுக்கான பத்து வருஷ உரிமம், முடிய ரெண்டு வருஷம்தான் இருக்கு, செலவு பண்ணலாமா?
ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, புது லைட்டு வாங்காதீங்க, இப்போதைக்கு வேண்டாம். உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, "பல்பு மாத்துனேன், ஒரு மாசத்துல தண்ணி"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏழரை வருஷம் ஒரு சொட்டு உள்ள போகாத லைட்டு பல்பு மாத்தினதும் ஒழுகுதுன்னா முதல்ல பார்க்க வேண்டிய இடம் லைட்டோட முன்பக்கம் இல்ல, முதுகுப்பக்கம். எச்4 (ஹை பீம், லோ பீம் ரெண்டும் ஒரே பல்புல வர்ற வகை) பல்பா இருந்தா பின்னாடி கறுப்பா குல்லா மாதிரி ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது வெளி ஓரத்துலயும் முழுசா உட்காரணும், நடுவுல பல்போட மூணு தகடு வெளிய நீட்டுற இடத்துலயும் இறுக்கமா உட்காரணும். அவசரத்துல மாத்துறவங்க மேல அமுக்கிட்டு விட்டுடுவாங்க, கை போகாத கீழ்ப்பக்கம் அரை அங்குலம் மடிஞ்சு நிக்கும். நிறைய ரப்பர்ல டாப்னு எழுத்து அடிச்சிருப்பாங்க, அது மேல பார்த்து இருக்கணும். எட்டு வருஷம் எஞ்சின் சூட்டுல கிடந்த ரப்பர் கருவாடு மாதிரி விறைச்சுப் போயிருக்கும், கழட்டும்போதே கிழிஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ரப்பர் மூடி தனியா கிடைக்கும், பெரிய செலவு இல்ல.

இப்ப சிலிக்கான் அடிச்சதும் ஏன் மோசமாச்சுன்னு சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். ஹெட்லைட்டு தண்ணி பாட்டில் மாதிரி முழுசா அடைச்ச பொருள் கிடையாது, அதுக்கு மூச்சு விடணும். லைட்டு எரியும்போது உள்ள காத்து சூடாகி விரியும், அணைச்சதும் ஆறி சுருங்கும். விரியிற காத்து வெளிய போகவும் சுருங்கும்போது உள்ள வரவும் கம்பெனியே பின்பக்கம் ரெண்டு மூணு மூச்சுத் துவாரம் வச்சிருப்பான், சிலதுல வளைஞ்ச ரப்பர் குழாய் வாய் கீழ பார்த்து இருக்கும், சிலதுல வட்டமா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி சவ்வு இருக்கும், அந்த சவ்வு காத்த விடும், தண்ணிய விடாது. சிலிக்கான் அடிச்சவர் சுத்தி வரும்போது அந்தத் துவாரத்தையும் சேர்த்து அடைச்சிருப்பார்னுதான் நான் நினைக்கிறேன். உள்ள இருக்கிற ஈரத்துக்கு போக வழி இல்ல, பகல்ல ஆவியாகி ராத்திரி கண்ணாடியில ஒட்டுது, மறுநாளும் அதே கதை. அதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. வழியெல்லாம் அடைபட்ட லைட்டு ஆறும்போது எங்கயாவது காத்த இழுத்தே ஆகணும், மயிரிழை விரிசல் ஒண்ணு இருந்தாலும் அது வழியா இழுக்கும், அந்த விரிசல் மேல மழைத்தண்ணி நின்னுச்சுன்னா காத்துக்குப் பதிலா தண்ணிய இழுக்கும். பிஐஇ விரைவுச்சாலையில ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து லைட்டு சூடா இருக்கும்போதே பச்சைத்தண்ணி ஊத்திக் கார் கழுவுறவங்களுக்கு ஒழுகல் சீக்கிரம் வர்றதும் இதனாலதான், கொஞ்சம் ஆற விட்டுக் கழுவுங்க.

அப்புறம் அந்த சிலிக்கான் எதுன்னு பாருங்க. குளியலறைக்கு அடிக்கிற சாதா சிலிக்கான் காயும்போது புளிச்ச காடி வாசம், வினிகர் வாசம் வரும். அது வெறும் வாசம் இல்ல, அசெட்டிக் ஆசிட் ஆவி. உள்ள வெள்ளியா மின்னுற ரிஃப்ளெக்டர் மேல அலுமினியம் பூச்சு ரொம்ப ரொம்ப மெல்லிசா இருக்கும், அந்த ஆவி பட்டா பூச்சு மங்கி, கண்ணுல புரை விழுந்த மாதிரி வெள்ளையா படர ஆரம்பிச்சிடும். படர்ந்தா படர்ந்ததுதான், துடைச்சு எடுக்க முடியாது.

சரி, என்ன பண்ணணும். லைட்ட கழட்டணும், கழட்டாம இந்த வேலை நடக்காது. சில கார்ல மூணு நாலு 10 மில்லிமீட்டர் போல்ட்டு கழட்டினா கைக்கு வந்துடும், சில கார்ல பம்பர தளர்த்தணும். கழட்டுறதுக்கு முன்னாடி சுவருக்கு எதிர்ல நிறுத்தி வெளிச்சம் எங்க விழுதுன்னு டேப்புல அடையாளம் வச்சுக்குங்க, திரும்ப மாட்டும்போது உயரம் மாறாம இருக்க அது வேணும். மூணு வருஷம் தாண்டின காருக்கு பத்து வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் இருக்குல்ல, அதுல ஹெட்லைட் வெளிச்சமும் பார்ப்பாங்க, உயரம் தப்பா இருந்தா அங்க மாட்டுவீங்க.

வெளிய எடுத்ததும் பல்ப கழட்டி, கவுத்துப் பிடிச்சு, பல்பு ஓட்டை வழியா தண்ணிய வடிய விடுங்க. பழைய சிலிக்கான பிளாஸ்டிக் அட்டையாலயும் மரக்குச்சியாலயும் உரிச்சு எடுங்க, கத்தி வேண்டாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூணையும் கிட்டவே கொண்டு போகாதீங்க, லென்ஸ் கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், அதுல பட்டா சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள்ள வெடிக்கும். சோப்புத்தண்ணி போதும், பிசுக்கு இருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உள்ள ரிஃப்ளெக்டர துணி விட்டுத் துடைக்கணும்னு கை துடிக்கும், துடைக்காதீங்க, பூச்சு துணியோட வந்துடும். சேறு இருந்தா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி மெதுவா அலசிக் கவுத்து வையுங்க, அவ்வளவுதான்.

காய வைக்க நம்ம ஊர்ல நல்ல இடம் ஏர்கான் ரூம். வெளிய பால்கனியில வச்சா காலையில காத்து ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல, அதுல எங்க காயும். ஏர்கான் காத்து ஈரத்த உறிஞ்சும், மூடி எல்லாம் திறந்து வச்சு ரெண்டு ராத்திரி விட்டா எலும்பு மாதிரி காஞ்சிடும். வெயில்ல லென்ஸ் மேல பார்க்க வைக்காதீங்க, முக்கியமா உருண்டைக் கண்ணாடி உள்ள ப்ரொஜெக்டர் லைட்டு, அது பூதக்கண்ணாடி மாதிரி வெயில குவிச்சு உள்ள இருக்கிற பிளாஸ்டிக்க உருக்கிடும்.

காஞ்சதும்தான் உண்மையான வேலை, ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கிறது. பல்ப மாட்டி பின்மூடிய ஒழுங்கா போட்டு, மூச்சுத் துவாரம் ஒண்ண விட்டுட்டு மத்தத விரலாலயோ டேப்பாலயோ அடைச்சுக்குங்க. விட்டு வச்ச துவாரத்துல ஒரு சின்ன ரப்பர் குழாய சொருகி வாயால மெதுவா ஊதுங்க. கம்ப்ரெசர் காத்து வேண்டவே வேண்டாம், நல்லா இருக்கிற ஒட்டையும் பிரிச்சு விட்டுடும். கூட இருக்கிறவர் பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணிய பிரஷ்ல தொட்டு ஓரம் முழுக்கத் தடவிட்டு வரட்டும், அவசரப்படாம, ஒவ்வொரு இஞ்ச்சா. பட்டறையில ஒரு லைட்ட இப்படி ஊதிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ஓரம் முழுக்கப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல, மூடியும் சரி, விட்டுடலாம்னு நினைக்கும்போது பம்பர்ல மாட்டுற காதுக்கு அடியில ஒரு குமிழி, கடுகு அளவுதான், மெதுவா மெதுவா பெருசாகி மிளகு அளவுக்கு வந்து உடைஞ்சுது. துடைச்சுப் பார்த்தா மயிரிழை விரிசல், நகத்த வச்சு இழுத்தாத்தான் தெரியுது. எப்பவோ கார்பார்க்ல தூண்ல லேசா இடிச்சிருக்கு, பம்பர்ல கீறல் கூட இல்ல, அடி பூரா அந்தக் காதுல இறங்கியிருக்கு. அந்த வண்டிக்காரர் அதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காசு கொடுத்துட்டு வந்தவர்.

ஓட்டை தெரிஞ்சா வைத்தியம் சுலபம். லென்ஸும் பின் கூடும் சேர்ற ஓரத்துல ஒழுகினா, அங்க ஏற்கெனவே பியூட்டைல் பசை இருக்கும், கறுப்பா சூயிங்கம் மாதிரி இழுபடும். ஹீட் கன்ன ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டி ஆட்டி சூடாக்கி, இளகினதும் ரெண்டையும் சேர்த்து அமுக்கி கிளாம்ப் போட்டு ஆற விட்டா பழைய பசையே திரும்பப் பிடிக்கும். பசை குறைஞ்ச இடத்துல புது பியூட்டைல் கயிறு வச்சு அமுக்குங்க, ஹெட்லைட்டுக்குன்னே சுருளா விக்கிது. பின் கூட்டுல விரிசல்னா கவனம், அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதுல சூப்பர் குளூ ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்து ஒரு வாரத்துல தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வரும். பிளாஸ்டிக் வெல்டிங் பண்றவங்ககிட்ட கொடுங்க, இல்லைன்னா அதுக்கும் பியூட்டைல்தான்.

மாட்டுறதுக்கு முன்னாடி மூச்சுக் குழாயயும் பாருங்க, உள்ள தூசி, சிலந்திக்கூடு, எறும்பு மண்ணுன்னு அடைச்சிருக்கும், சிலதுல உள்ள வச்ச ஸ்பாஞ்ச் பொடிஞ்சு போயிருக்கும். பழைய பல்பு வயரோட சாக்கெட்டையும் பாருங்க, செம்பு பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பா கருகியிருந்தாலோ மாத்திடுங்க. மாட்டிட்டு இருபது நிமிஷம் லைட்ட எரிய விட்டு, அணைச்சுட்டு, மேல் ஓரத்துல பத்து நிமிஷம் தண்ணிய மெதுவா ஊத்திப் பாருங்க. சூடாக்காம ஊத்துனா சோதனை ஆகாது, இழுப்பு வராது. மறுநாள் காலையில உள்ள சுத்தமா இருந்தா முடிஞ்சுது. உங்க கணக்குல ரப்பர் மூடியும் பியூட்டைலும் சேர்த்து சின்னச் செலவு, ஒரு சனி ஞாயிறு வேலை. ரிஃப்ளெக்டர் ஏற்கெனவே வெள்ளை படர்ந்துபோயிருந்தா மட்டும் லைட்ட மாத்துங்க, அப்பக்கூட ரெண்டு வருஷ சிஓஇக்கு ஸ்க்ராப் கார்லருந்து எடுத்த ஒரிஜினல் போதும்.

கேள்வி: அங்கிள், என் கார் வாங்கி ஒம்பது மாசம்தான் ஆகுது, எல்இடி லைட்டு. மழை பெஞ்ச மறுநாள் காலையில லென்ஸ் ஓரத்துல பனி மூட்டம் மாதிரி இருக்கு, வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுது. ஏஜென்ட்கிட்ட சொன்னா அது நார்மல்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வாரன்டி செலவ மிச்சம் பிடிக்க ஏமாத்துறாங்களா?
பொங்கோல் வாசகி

பதில்: இல்லம்மா, இந்த விஷயத்துல அவங்க சொன்னது சரி. மூட்டம் வேற, தண்ணி வேற. டொயோட்டா கையேட்டுலயே எழுதியிருக்கும், தற்காலிகமா உள்ள மூட்டம் கட்டுறது பழுது இல்ல, பெரிய பெரிய துளியா நின்னாலோ உள்ள தண்ணி தேங்கினாலோதான் கொண்டுவரணும்னு. காரணம் நம்ம ஊர் காத்துதான். ராத்திரி 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வச்சுக்குங்க, அந்தக் காத்துல இருக்கிற ஈரம் கிட்டத்தட்ட 24 டிகிரியிலயே பனியா இறங்க ஆரம்பிச்சிடும். மழை லென்ஸ 23 டிகிரிக்குக் குளிர வச்சா போதும், மூச்சுத் துவாரம் வழியா உள்ள வந்த அதே காத்து லென்ஸோட உள்பக்கத்துல மூட்டமா ஒட்டும். ஹாலோஜன் லைட்டுல இது ஏன் அதிகம் தெரியலன்னா அது சூட்ட முன்னாடியே வீசி லென்ஸ காய வச்சிடும், எல்இடி சூடு பின்னாடி ஹீட் சிங்க்ல போயிடுது, முன்னாடி லென்ஸ் குளிர்ச்சியாவே இருக்கு, அதனால மூட்டம் போக நேரம் ஆகுது.

ஆனா ஏமாத்த விடாம இருக்க நீங்க ஒண்ணு செய்யுங்க. மூட்டம் இருக்கிற அன்னிக்கு கிளம்பும்போது ஒரு போட்டோ, போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ, நேரம் தெரியிற மாதிரி எடுத்து வையுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூட்டம் கட்டி ரெண்டும் போயிடுதுன்னா கவலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் விடாம நிக்குது, நாலு நாள் மழை இல்லாதப்பவும் இருக்கு, துளி உருண்டு கீழ வழிஞ்ச கோடு தெரியுதுன்னா அது ஒழுகல். அப்ப இந்தப் போட்டோவ காட்டி வாரன்டியில மாத்திக் கேளுங்க, விடாதீங்க, ஏன்னா எல்இடி லைட்டு முழு யூனிட்டா மாத்தணும்னா ஆயிரக்கணக்கான வெள்ளி, பல்பு மட்டும் தனியா மாத்துற வேலையே நிறைய கார்ல இல்ல. அதுவரைக்கும் நீங்களோ வெளியாளோ அந்த லைட்டுல கை வைக்க வேண்டாம், திறந்த அடையாளம் இருந்தா அதையே சாக்கா சொல்லி வாரன்டிய மறுத்துடுவாங்க.

கேள்வி: ஹெட்லைட்டுக்கு அடியில டிரில் போட்டு சின்ன ஓட்டை வச்சா தண்ணி தானா வடிஞ்சிடும்னு கோப்பி கடையில ஒரு நண்பர் சொல்றார். அரிசி போட்டு வைக்கலாம், சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைக்கலாம்னும் சொல்றாங்க. எது நல்லது?
புக்கிட் பாத்தோக் வாசகர், வயது 67

பதில்: ஐயா, ஓட்டை போடாதீங்க. தண்ணி வடியும், உண்மைதான், ஆனா அந்த ஓட்டை வழியாத்தான் டயர் தூக்கி அடிக்கிற சேத்துத்தண்ணியும் தூசியும் உள்ள வரும், ஆறும்போது வர்ற இழுப்பப் பத்தி மேல சொன்னேன்ல, அது அடியில இருக்கிற ஓட்டை வழியாவும் இழுக்கும். ஒரு வருஷத்துல உள்பக்கம் பூரா மண் கறை, அத எப்படியும் எடுக்க முடியாது. வருஷத்துக்குச் சராசரியா 2,113 மில்லிமீட்டர் மழை, 171 நாள் மழை நாள்னு கணக்கு இருக்கிற ஊர்ல ஓட்டையோட ஓட்டுறது சரி வராது. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வர்ற அந்தப் புயல்காத்து விடிய முன்னாடி வந்து அடிக்கிறப்ப மழை நேரா விழாது, படுக்க வச்ச மாதிரி பக்கவாட்டுலதான் அடிக்கும்.

சிலிக்கா ஜெல் நல்ல சாமான், ஆனா அது ஈரத்துக்கு மருந்து, ஒழுகலுக்கு இல்ல. ஓட்டைய அடைச்ச பிறகு மிச்சம் இருக்கிற ஈரத்த எடுக்க ரெண்டு மூணு பாக்கெட்ட பின்மூடி வழியா வச்சு, மூடியப் போட்டு, லைட்ட எரிய விடாம ரெண்டு நாள் வச்சிருந்து எடுத்துடுங்க. உள்ளயே விட்டுட்டு லைட்டு போட்டா பல்பு பக்கத்துல சாயும், ஹாலோஜன் பல்போட கண்ணாடி 250 டிகிரிக்கு மேல சூடாகிறது, பாக்கெட் கருகும். அரிசி வேண்டாம், மாவு உதிரும், எறும்பு வரும்.

இன்னொண்ணும் உங்களுக்குச் சொல்லணும் ஐயா, உங்க வயசுல ராத்திரி ஓட்டுறீங்கன்னு எழுதியிருந்தீங்க. தண்ணி நிக்கிற லைட்டு வெளிச்சத்த ரோட்டுல போடாது, துளி ஒவ்வொண்ணும் வெளிச்சத்த சிதறடிச்சு எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும், நமக்கு முன்னாடி இருட்டா இருக்கும். ஒரு தடவை கிராஞ்சி விரைவுச்சாலையில விடியக்காலை மழையில போறேன், வலது லைட்டுல தண்ணி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஒரு வாரமா தள்ளிக்கிட்டு வந்தது. கறுப்பு மழைக்கோட்டு போட்ட மோட்டார்சைக்கிள்காரர் ஒருத்தர் லேன் மாறி எனக்கு முன்னாடி வந்திருக்கார், அவர் பின்னாடி இருக்கிற சிவப்பு லைட்டு ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது. பிரேக் பிடிச்சு, வண்டி லேசா வழுக்கி நின்னுச்சு, அவர் திரும்பிக் கூடப் பார்க்கல, போயிட்டார். எனக்கு கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. விடியக்காலையில ஜோகூர்லருந்து வேலைக்கு வர்ற ஆயிரக்கணக்கான பேர் அந்த நேரத்துல ரோட்டுலதான் இருக்காங்க. அதனாலதான் இந்த விஷயத்த நான் அழகுப் பிரச்சினையா எடுத்துக்கிறதில்ல. சாயங்காலம் ஏழு மணியிலருந்து காலை ஏழு வரைக்கும் லைட்டு எரியணும்னு இங்க சட்டமே இருக்கு, எரிஞ்சா மட்டும் போதுமா, ரோடு தெரியணும்.

கேள்வி: ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டீலர்கிட்ட பழைய கார் ஒண்ணு வாங்கினேன். முதல் பெரிய மழையிலயே ரெண்டு ஹெட்லைட்டுலயும் தண்ணி. டீலர் "பழைய காருன்னா அப்படித்தான்" சொல்றார். ஏதாவது வழி இருக்கா?
தெம்பனிஸ் வாசகர்

பதில்: இருக்கு. 2012 செப்டம்பர் 1லருந்து சிங்கப்பூர்ல லெமன் சட்டம், அதாவது பழுதான பொருள் வாங்கினவங்களுக்கான பாதுகாப்புச் சட்டம், நடப்புல இருக்கு, பழைய காருக்கும் அது பொருந்தும். கையில வாங்கின ஆறு மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா, அது கொடுக்கும்போதே இருந்ததுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது டீலர். பழைய கார்ங்கிறதால வயசு, விலை ரெண்டையும் பார்ப்பாங்க, சாதாரண தேய்மானத்துக்கு எல்லாம் கேட்க முடியாது, வாங்கும்போதே உங்ககிட்ட காட்டிச் சொன்ன குறைக்கும் கேட்க முடியாது. ஆனா ரெண்டு லைட்டுலயும் ஒரே மழையில தண்ணின்னா யாரோ அத ஏற்கெனவே திறந்திருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது, லென்ஸ் பாலிஷ் பண்ணவோ உள்ள கலர் அடிக்கவோ பிரிச்சு சரியா ஒட்டாம விட்டிருப்பாங்க. ஓரத்துல பசை பிதுங்கி நிக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, போட்டோ எடுங்க.

முதல்ல டீலருக்கு எழுத்துல கொடுங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் மட்டும் போதாது. ரிப்பேர் பண்ண அவருக்கு நியாயமான அவகாசம் கொடுங்க. நீங்களே வேற இடத்துல பிரிச்சு சரி பண்ணிட்டா அப்புறம் பழுது எதுல வந்துச்சுன்னு பேச முடியாது. கேட்கலைன்னா கேஸ்னு சொல்ற பயனீட்டாளர் சங்கத்துகிட்ட போங்க, அதுக்கும் அடங்கலைன்னா சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேட்கலாம், வக்கீல் வேண்டாம், நீங்களே போய்ப் பேசலாம்.

கேள்வி: பல்பு மஞ்சளா இருக்குன்னு ஆன்லைன்ல வெள்ளை எல்இடி பல்பு வாங்கி நானே மாட்டினேன். பின்னாடி ஃபேன் இருக்கிறதால மூடி போட முடியல, மூடியில ஓட்டை வெட்டி விட்டேன். இப்ப மூட்டம் கட்டுது.
சுவா சூ காங் வாசகர்

பதில்: வெட்டின இடம்தான் ஒழுகுது தம்பி, வேற எங்கயும் தேட வேண்டாம். புது மூடியும் பழைய ஹாலோஜன் பல்பும் திரும்பப் போடுங்க. ஹாலோஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி வச்சா வெளிச்சம் குவிய வேண்டிய இடத்துல குவியாது, எதிர்ல வர்றவருக்குக் கூசும், இன்ஸ்பெக்‌ஷன்லயும் சிக்கல். எச்ஐடின்னு சொல்ற வாயு விளக்கா நாமளா மாத்திப் போடுறதுக்கு எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தோட அனுமதியே கிடையாது. லைட்டுல எத மாத்துறதா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி அவங்க இணையப் பக்கத்துல பார்த்துடுங்க. புது ஹாலோஜன் பல்பு மாட்டும்போது கண்ணாடிய விரலால தொடாதீங்க, விரல் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போயிடும், தெரியாம தொட்டுட்டா ஆல்கஹால்ல துடைச்சுட்டுப் போடுங்க.

கேள்வி: அண்ணே, ஹெட்லைட்ட கேக் சுடுற அவன்ல வச்சு பிரிக்கலாம்னு வீடியோவுல காட்டுறாங்க, வீட்டுல செய்யலாமா?
ஹவ்காங் வாசகர்

பதில்: செய்றவங்க இருக்காங்க, முறையும் பொய் இல்ல. பியூட்டைல் 100 டிகிரி பக்கத்துல நல்லா இளகிடும், பாலிகார்பனேட் 147 டிகிரி கிட்டதான் இளகும், நடுவுல இருக்கிற அந்த இடைவெளியிலதான் வேலையே நடக்குது. 90லருந்து 100 டிகிரி, எட்டு பத்து நிமிஷம், பல்பு, திருகாணி, கிளிப், மூடி எல்லாம் கழட்டின பிறகு. ஆனா வீட்டு அவன்ல முள்ளு காட்டுற சூடும் உள்ள இருக்கிற சூடும் ஒண்ணா இருக்காது, கம்பிக்குப் பக்கத்துல இருக்கிற ஓரம் உருகிக் கோணலாகிடும். பசை வாசமும் அதுல ஏறும், அப்புறம் அதே அவன்ல புள்ளைங்களுக்கு சாப்பாடு செய்றது எனக்குச் சரியாப் படல.

அதவிட முக்கியம், உங்க லைட்டு எந்தப் பசையில ஒட்டியிருக்குன்னு தெரியணும். புது கார்கள் நிறையத்துல கெட்டியான பசை போட்டிருக்காங்க, சூடாக்கினா இளகாது, இழுத்தா லென்ஸ்தான் உடையும். ஓரத்துல ஒரு மூலையில ஹீட் கன் காட்டி மரக்குச்சியால குத்திப் பாருங்க, கறுப்பா நூல் நூலா இழுபட்டா பியூட்டைல், பிரிக்கலாம். கல்லு மாதிரி இருந்தா அப்படியே விட்டுட்டு, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஹெட்லைட் வேலை மட்டுமே செய்ற கடைகள் இருக்கு, அங்க கொண்டு போங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க, ஒட்டுறதுக்கு என்ன பசை போடுவீங்க, ஒட்டின பிறகு தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணிக் காட்டுவீங்களா. பதில் சொல்லத் தயங்கினா வண்டிய எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.

கேள்வி: நான் லாரி ஓட்டுறேன் சார், பின்னாடி லைட்டுல தண்ணி நிக்கிது, முதலாளி ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றார்.
உட்லண்ட்ஸ்லருந்து ஒரு ஓட்டுநர்

பதில்: ஆகும் தம்பி. பின் லைட்டுல தண்ணி ஏறினா முதல்ல சாக்கெட் துருப்பிடிக்கும், பிரேக் லைட்டும் சிக்னலும் ஒண்ணுக்கொண்ணு கலந்து மங்கலா எரியும், அப்புறம் ஃப்யூஸ் போகும். ஓட்டுறது நீங்க, பின்னாடி ஆள் ஏத்திக்கிட்டுப் போற நாளும் இருக்கும். பல லாரியில பின் லைட்டு லென்ஸ் திருகாணியிலதான் நிக்குது, கழட்டுங்க, உள்ள இருக்கிற ரப்பர் கேஸ்கெட் நசுங்கியோ கிழிஞ்சோ இருக்கும், புதுசு போடுங்க, சாக்கெட்ட சாண்ட் பேப்பர்ல லேசா தேய்ச்சு சுத்தம் பண்ணுங்க. மாட்டும்போது திருகாணிய மாத்தி மாத்தி எதிரெதிரா இறுக்குங்க, ஒரே பக்கம் முழுசா இறுக்கினா லென்ஸ் வெடிக்கும். அரை மணி நேர வேலை. முடிச்சுட்டு பிரேக்க அமுக்கி ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு வருதான்னு.